உடப்புசல்லாவையிலிருந்து பேராதனை வரை



உடப்புசல்லாவை என்றதும் உங்களில் பலர் புசல்லாவையை நினைத்துக்கொள்வீர்கள். அது வேறு ஊர், இது வேறு ஊர். புசல்லாவை, கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெரிய பாதையில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வருவதென்றால் நுவரெலியாவையும் தாண்டி, கந்தப்பளை, இராகலை என்று கிழக்கே வர வேண்டும். 'உட' என்றால் சிங்களத்தில் 'மேல்' என்று பொருள். எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்த விருந்தாளிகள் சிலர் புசல்லாவையில் இறங்கி, பெட்டி படுக்கையோடு பாதையோரம் நின்ற கதையை இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

இலங்கைத் தேயிலையை விளையும் இடத்தை வைத்து 7 வகையாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு எங்கள் ஊரின் பெயர்தான். நிறத்தில் கொஞ்சம் ரோஜாச் சிவப்பு ஓடும் தேயிலை. எங்கள் பக்கத்து வானிலையும் ஒரு தினுசு. ஜூலை மாதத்தில் நுவரெலியாவின் மேற்குப் பக்கம் மழையில் ஊறிக் கிடக்கும்போது, எங்களுக்கு மழை குறைந்து வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றில்தான் கொழுந்து நல்ல மணம் பிடிக்கும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். மழைக்காலம் எங்களுக்கு ஆண்டுக் கடைசியில், வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும்.

சுற்றிலும் தோட்டங்கள், லயங்கள். பள்ளத்தில் சிங்களக் கிராமங்கள், மரக்கறித் தோட்டங்கள். டவுனில் கடைகள். அந்தக் கடைகளில் சில எங்கள் ஆட்களுடையவை. என் வாப்பாவின் வாப்பா புடவைக் கடை வைக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டார். எங்கள் கடையில் சேலை வாங்காத தோட்டத்துக் குடும்பம் குறைவு.

ஊரின் அழகைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இன்று உங்களிடம் சொல்ல வந்தது வேறு. இந்த ஊரிலிருந்து 34 நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மலை இறங்கி, ஆபரேஷனுக்குப் போன பயணம் அது. அதில் என் தவறும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் உங்களுக்குப் பயன் இருக்காது.

பிள்ளைக்குப் பால் தங்கவில்லை

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். 2022 ஜூன் 3, வெள்ளிக்கிழமை ஆண் பிள்ளை பிறந்தான். சுகப்பிரசவம். எடை 3 கிலோ 100 கிராம். இரண்டு வாரம் எந்தக் குறையும் இல்லை. பால் குடித்தான், தூங்கினான், எடை 3 கிலோ 400 வரை ஏறியது.

இருபதாம் நாள் வாக்கில் பால் கக்கத் தொடங்கினான். பால் கக்காத பிள்ளை ஏது? நானும் நான்கு பிள்ளை பெற்றவள்தானே, பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் நாளாக ஆக அது கக்கலாக இல்லை. குடித்து முடித்துச் சற்று நேரத்தில், குடித்தது முழுவதும் வாயிலிருந்து பீறிட்டு அடுத்த பாய் வரை போய் விழுந்தது. விசித்திரம் என்னவென்றால், வாந்தி எடுத்த மறு நிமிடமே திரும்பவும் பாலுக்கு வாய் தேடி அழுவான். நோயாளிப் பிள்ளை பால் வேண்டாம் என்றல்லவா திரும்பிக்கொள்ளும்? இவன் ஆவலாதியாகக் குடிப்பான், அப்படியே வெளியே தள்ளுவான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் மகளின் சாப்பாட்டைக் குறைத்தேன். "உன் பாலில் குளிர் இருக்கிறது" என்று பழம், மீன், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். டவுனுக்கு வெளியே ஒரு தனியார் டிஸ்பென்சரியில் காட்டினோம். அங்கே வாயு என்று சொல்லி ஒரு சிறு போத்தல் மருந்து தந்தார்கள். அதையும் வாந்தி எடுத்தான்.

மகள் மட்டும் ஒவ்வொரு நாளும் சொன்னாள். "உம்மா, இது சரியில்லை. இவன் ஈரத்துணி நனைப்பதும் குறைந்துவிட்டது. நுவரெலியாவுக்குக் கொண்டு போவோம்."

"நாற்பது கழியட்டும் மகள்" என்றேன் நான்.

இதுதான் என் தவறு. நாற்பது நாள் கழியாத பிள்ளைத்தாய்ச்சி வாசல் தாண்டினால் காற்றுக் கறுப்பு அடிக்கும், பிள்ளைக்குக் கண் படும் என்று என் உம்மம்மா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் ஊர்க் குளிரும் அப்படி. இன்னும் ஒன்பது நாள், எட்டு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேறு சாட்டுகளும் இருந்தன. 2022ஆம் ஆண்டு இலங்கை பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல், டீசல் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஊரில் ஒரு ஓட்டோ ஓடவில்லை. அதற்கு முன் மார்ச் மாதக் கடைசியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே நாள் குறித்த ஆபரேஷன்களை ஒத்திவைத்து, அவசர ஆபரேஷன்களை மட்டும் செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் அதைக் கேட்டு, என்ன உதவி வேண்டும் என்று விசாரிக்கச் சொன்னதாகவும் செய்திகளில் வந்தது. "ஆஸ்பத்திரியிலேயே மருந்து இல்லையாம், போய் என்ன செய்ய?" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்துக்குக் காரணம் தேடினால் கிடைக்காமலா போகும்?

தராசோடு வந்தவர்

ஜூலை 6, புதன்கிழமை. எங்கள் பகுதிக் குடும்பநல மாது வந்தார். சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். வழக்கமாக ஸ்கூட்டியில் வருபவர் அன்று எண்ணெய் இல்லாமல் தூரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். கையில் தராசு. இலங்கையில் பிள்ளை பிறந்ததும் ஒரு வளர்ச்சிப் பதிவேடு தருவார்கள். எடையை அதிலுள்ள வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள்.

பிள்ளையை நிறுத்தார். 2 கிலோ 950. பிறந்த எடையை விடக் குறைவு! கோடு மேலே ஏறுவதற்குப் பதில் கீழே இறங்கியது. அவர் எதுவும் பேசாமல் பிள்ளையின் உச்சியைத் தடவிப் பார்த்தார், குழி விழுந்திருந்தது. "பால் கொடுங்க, நான் பார்க்கிறேன்" என்று மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை குடிக்கும்போது அவன் வயிற்றில், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக அலை மாதிரி ஒன்று ஓடியது. இத்தனை நாள் என் மடியில் கிடந்த பிள்ளை, அதை நான் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் பால் பீறிட்டு அவர் மடியிலேயே விழுந்தது.

"அம்மா, இப்பவே போகணும். நாளைக்கு இல்லை" என்றார்.

"நாற்பது..." என்று நான் வாயெடுத்தேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் மீதி வார்த்தை வரவில்லை.

என் கணவர் பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் செய்தார். "நாற்பது நாள் என்பது தொழுகை, நோன்பு சம்பந்தமான சட்டம். வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று மார்க்கத்தில் எங்கேயும் இல்லை. மருத்துவம் பார்க்கச் சொன்ன மார்க்கம் இது. உடனே கொண்டு போங்கள்" என்றார் அவர். வழக்கத்தை மார்க்கம் என்று நினைத்து அத்தனை நாளைக் கடத்தியிருக்கிறேனே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

வாகனம்? குடும்பநல மாதுதான் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தார். 'சுவசெரிய' என்ற இலவச அம்புலன்ஸ் சேவை அது. இந்திய அரசின் நன்கொடையோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பரவியது. எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற அந்த நாளில், ஒரு சதமும் வாங்காமல் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

மலை இறக்கம்

இராகலையைக் கடக்கும்போது எனக்கு வாப்பா சொன்ன ரயில் கதை ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், 1903, 1904ஆம் ஆண்டுகளில், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஒரு குறுகிய பாதை ரயில் போட்டார்கள். பெயர் உடப்புசல்லாவை ரயில். ஆனால் ரயில் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை, இராகலையோடு நின்றுவிட்டது. அதையும் 1940களில் மூடிவிட்டார்கள். தேயிலைப் பெட்டி இறங்குவதற்குப் போட்ட பாதை அது. தேயிலைக்கு லொறி வந்ததும் ரயில் போய்விட்டது. எங்களுக்கு இன்றைக்கும் இந்த வளைந்த ஒற்றைப் பாதைதான்.

கந்தப்பளை வரை வறண்ட காற்று. நுவரெலியாவை நெருங்க நெருங்க மூடுபனி, தூறல். மகள் பிள்ளையைத் தன் உடம்போடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அழுவதற்கும் தெம்பில்லாமல் முனகினான்.

நுவரெலியாவில் அன்றிரவே டொக்டர் பார்த்தார். வயிற்றின் மேல்பகுதியை விரலால் அழுத்தி, "இங்கே ஒரு சின்ன கட்டி தட்டுப்படுகிறது, ஒலிவக்காய் அளவு" என்றார். ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்கள். நோயின் பெயர் பைலோரிக் ஸ்டெனோசிஸ்.

சகோதரிகளே, இதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் இரைப்பையின் கீழ் முனையில், குடலுக்குப் போகும் வாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் அந்தத் தசை தடித்துப் போய் வாசலை அடைத்துவிடுகிறது. பால் இரைப்பைக்குப் போகும், குடலுக்கு இறங்காது. இரைப்பை முட்டி மோதித் தள்ளிப் பார்க்கும். வயிற்றில் தெரிந்த அலை அதுதான். வழியில்லாமல் பால் மேலே பீறிடும். குடலுக்கு ஒன்றும் போகாததால் பிள்ளைக்குப் பசி அடங்காது. பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 4 மடங்கு அதிகமாக வருகிறது. தலைப்பிள்ளைகளுக்குக் கூடுதல். ஏன் வருகிறது என்று மருத்துவ உலகம் இன்னும் திட்டமாகச் சொல்லவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்று நிச்சயம். தாயின் பாலுக்கும், தாய் தின்ற மீனுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இதை டொக்டர் சொன்னபோது மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. பத்து நாளாகப் பழமும் மீனும் இல்லாமல் காய்ந்த ரொட்டி தின்றவள் அவள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி அம்புலன்ஸில் பேராதனைக்கு அனுப்பினார்கள். நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. பேராதனை 2,000 அடியைக்கூட எட்டாது. லபுக்கலை தேயிலைச் சரிவுகள், இறம்பொடை நீர்வீழ்ச்சி, சுரங்கப் பாதை, கொத்மலைப் பக்கத்துப் பள்ளத்தாக்கு. சுற்றுலாக்காரர் படம் பிடிக்கும் இடங்கள் எல்லாம் வந்து போயின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். புசல்லாவை வந்தது. விருந்தாளிகள் வழி தவறிய அந்த ஊர். அன்று சிரிப்பு வரவில்லை. கம்பளையில் எண்ணெய் நிலையத்துக்கு முன் மைல் கணக்கில் வாகன வரிசை. வெயிலில் கான்களைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், அம்புலன்ஸ் சத்தம் கேட்டுத் தாங்களாகவே விலகி வழி விட்டார்கள்.

பேராதனை வோட்டில்

பேராதனையில் சிறுவர்களுக்கென்றே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. சிறிமாவோ பண்டாரநாயக்க பெயரில் உள்ளது. போனவுடன் ஆபரேஷன் என்று நினைத்தோம். அப்படி இல்லை. "ஆபரேஷன் அவசரம் இல்லை, உடம்பில் இழந்த நீரையும் உப்பையும் சரிசெய்வதுதான் அவசரம்" என்றார் டொக்டர். விடாமல் வாந்தி எடுத்ததில் இரத்தத்தில் உப்புச் சத்துக்கள் குறைந்திருந்தன. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் ஆபத்து. எனவே சேலைன் ஏற்றினார்கள். வாயால் ஒரு சொட்டுப் பாலும் கூடாது.

இரண்டு நாள்! பால் கேட்டு அழும் பிள்ளையைப் பால் சுரக்கும் தாயின் மடியில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் இருப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. மகளுக்கு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் ஹட்டன் பக்கத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, உதடு பிளந்த தன் பெண் பிள்ளையோடு இருந்தாள். அவள்தான் எழுந்து வந்தாள். "தங்கச்சி, பாலை விடாம பீச்சி எடுத்துரு. இல்லாட்டி வத்திப் போயிரும். நாளைக்குப் புள்ள குடிக்க வேணாமா?" என்று சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, எப்படிப் பீச்ச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நேரத்துக்கு நேரம் ஞாபகப்படுத்தினாள். நர்ஸ் மிஸ்ஸும் அதையேதான் சொன்னார்.

அவள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வேலைக்குப் போகாத நாளுக்குப் 'பேர்' விழாது, அதாவது சம்பளம் இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல்தான் அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்திருந்தது. விலைவாசி ஏறிய வேகத்தில் அந்தக் காசு எந்த மூலைக்கு? "எத்தனை பேர் போச்சு?" என்று கேட்டேன். "எண்ணலம்மா. எண்ணுனா வீட்டுக்குப் போயிரணும்னு தோணும்" என்றாள். எங்கள் கடையில் எத்தனை ஆண்டுகளாக இவளைப் போன்றவர்களுக்குச் சேலை அளந்து கொடுத்திருக்கிறேன்! ஒருத்தியிடமும் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

வெள்ளி இரவு மருமகன் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார். மகள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு வலிக்குமா?" அவருக்கு என்ன தெரியும்? மயக்க மருந்து டொக்டரிடமே கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு காலத்தில் பச்சைப் பிள்ளைகளுக்கு வலி தெரியாது என்று மேல்நாட்டு டொக்டர்களே நம்பினார்களாம். 1980கள் வரை பல இடங்களில் சிசுக்களுக்கு வலிக்கான மருந்து சரியாகக் கொடுக்காமலே ஆபரேஷன் செய்தார்களாம். இந்தியாவில் மருத்துவம் படித்து ஒக்ஸ்போர்ட் சென்ற ஆனந்த் என்ற டொக்டர்தான், வலி மருந்து கொடுத்த சிசுக்கள் நன்றாகத் தேறுகின்றன என்று 1987இல் ஆராய்ச்சி செய்து காட்டினார். "இப்போது எல்லாம் அளந்து கொடுக்கிறோம். தூங்குவான், எழும்புவான்" என்றார். பிள்ளைக்கு வலிக்கும் என்பது எந்தத் தாய்க்கும் தெரிந்த விஷயம். அதை உலகம் ஒத்துக்கொள்ள அத்தனை காலம் பிடித்திருக்கிறது!

ஒத்திவைப்பு, தட்டுப்பாடு என்று நான் பயந்தது நடக்கவில்லை. இது காத்திருக்க முடியாத ஆபரேஷன், மருந்து இருக்கிறது என்றார்கள்.

ஜூலை 9

சனிக்கிழமை காலை. மகள் பிள்ளையைத் தியேட்டர் வாசல் வரை தூக்கிக்கொண்டு போனாள். பிஸ்மில்லாஹ் சொல்லி அவன் நெற்றியில் ஊதி, நர்ஸின் கையில் கொடுத்தாள். கதவு மூடியது.

அன்று என்ன நாள் என்று இலங்கையில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்த நாள். வராந்தாவில் எல்லோரும் போனைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூவருக்கும் அந்தக் கதவைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நான் ஓதத் தெரிந்ததை எல்லாம் ஓதினேன். இடையிடையே "யா அல்லாஹ், என் பிடிவாதத்துக்கு இந்தப் பிள்ளையைத் தண்டித்துவிடாதே" என்றே வாயில் வந்தது.

அறுவை மருத்துவம் நமக்குப் புதிதல்ல. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து எழுதிய நூலை ஐரோப்பா நூற்றாண்டுக் கணக்கில் படித்தது. ஆனால் என் பேரனின் நோய்க்கு வழி பிறந்தது 1912ஆம் ஆண்டு வாக்கில்தான். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் மெலிந்து மெலிந்தே இறந்தன. ராம்ஸ்டெட் என்ற ஜெர்மன் டொக்டர், தடித்த தசையைக் கீறிவிட்டு வேறு மாதிரி தைக்கப் பார்த்தார். தையல் நிற்கவில்லை, தசை கிழிந்தது. அடுத்த பிள்ளைக்குத் தைக்காமல் கீறியபடியே விட்டார். பிள்ளை பிழைத்தது. உள்தோலைத் தொடாமல் தசையை மட்டும் நீளவாக்கில் பிளந்து விடுவதுதான் இன்றும் இந்த ஆபரேஷன்.

முக்கால் மணி நேரம். டொக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "சரி, முடிந்தது. நல்லா இருக்கிறான்" என்றார். இவ்வளவுதானா? இந்த முக்கால் மணி நேர வேலைக்கா நான் பத்து நாளைக்கு மேல் பயந்து ஒளிந்தேன்? அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன், அதற்கு மேல் நாக்கு எழவில்லை.

மாலையில் பீச்சி வைத்த பாலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். இரவில் ஒரு தடவை வாந்தி எடுத்தான். மகள் நடுங்கிவிட்டாள். "முதல் நாள் இப்படி வரும், பயப்படாதீங்க" என்றார் மிஸ்.

விடிந்தால் ஹஜ்ஜுப் பெருநாள். புத்தாடை இல்லை, வட்டிலப்பம் இல்லை. எங்கிருந்தோ தக்பீர் முழக்கம் மெல்லக் கேட்டது. அந்த நேரத்தில் மகள் பிள்ளையை மார்பில் அணைத்தாள். குடித்தான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. பால் வெளியே வரவில்லை. வயிறு நிறைந்து, வாய் திறந்தபடி தூங்கிப் போனான். எத்தனை பெருநாள் கண்டிருக்கிறேன், அப்படி ஒரு பெருநாள் கண்டதில்லை.

தோட்டத்துப் பெண்ணின் கணவர் கொண்டு வந்த கோதுமை ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் அவள் எங்களோடு பங்கிட்டாள். அதுதான் எங்கள் பெருநாள் சாப்பாடு.

நாற்பதாம் நாள்

ஜூலை 12, செவ்வாய்க்கிழமை துண்டு வெட்டினார்கள். பஸ்ஸில் ஏற இடமில்லை. எங்களுக்குத் தெரிந்த மரக்கறி லொறி ஒன்று சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பியது. முன் சீட்டில் மகளும் நானும் பிள்ளையும், பின்னால் ஆண்கள். கம்பளை தாண்டி ஏறத் தொடங்கியது. புசல்லாவையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார்கள்.

மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். "உம்மா, இன்றைக்கு நாற்பது."

விரல் விட்டு எண்ணினேன். உண்மைதான். எந்த நாள் வரட்டும் என்று வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தேனோ, அந்த நாள் எங்களைப் பாதையில் சந்தித்தது. அந்த நாளுக்காகக் காத்திருந்தால் இந்தப் பிள்ளை மடியில் இருந்திருக்குமா? நான் பதில் சொல்லவில்லை. கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கி, தோலுரித்து அவள் கையில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டாள்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

சகோதரிகளே, பால் கக்குகிற பிள்ளையை எல்லாம் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. எடை கூடிக்கொண்டு சிரித்து விளையாடும் பிள்ளை கொஞ்சம் கக்கினால் பரவாயில்லை. ஆனால் 2 முதல் 8 வாரத்துப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் பீறிட்டு வாந்தி எடுத்தால், எடுத்த பிறகும் பசித்து அழுதால், ஈரத்துணி குறைந்தால், எடை இறங்கினால், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வாந்தி பச்சை நிறமாக வந்தால் அது வேறு நோய், இதைவிட அவசரம். குடல் முறுக்கிக் கொண்டிருக்கலாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வளர்ச்சிப் பதிவேட்டை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். அந்தக் கோடு பிள்ளையின் வாய் மாதிரி. அவனால் சொல்ல முடியாததை அது சொல்லும். பெற்றவள் "இது சரியில்லை" என்று சொன்னால், மாமியோ உம்மாவோ யாராக இருந்தாலும், நம் அனுபவத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். வாந்திக்குத் தாயின் சோற்றைக் குறைக்காதீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நமக்கு ஆஸ்பத்திரி தூரம், பாதை ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் எத்தனை பாதைகள் மண்சரிவில் மூடிப்போயின என்று பார்த்தோம். வழி திறந்திருக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும். பேராதனையில் ஆபரேஷனுக்குப் பிடித்தது முக்கால் மணி நேரம். என் வீட்டு வாசலைத் தாண்டத்தான் பத்து நாளுக்கு மேல் பிடித்தது.

பேரன் இப்போது முன்பள்ளிக்குப் போகிறான். வயிற்றில் விரல் நீளத் தழும்பு ஒன்று இருக்கிறது. குளிப்பாட்டும்போது "இது என்ன உம்மம்மா?" என்று கேட்பான். "நீ பேராதனைக்குப் போய் வந்த அடையாளம்" என்பேன். "திரும்பப் போவோமா?" என்பான். போக வேண்டும். அந்த ஹட்டன் பெண்ணின் மகளுக்கு உதடு தைத்து, இப்போது அழகாகச் சிரிக்கிறாளாம். பெருநாள் கழிந்து அவர்கள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.